மஞ்சள் துணி கட்டிய நெற்றி லைட்டு

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஆறு பேரை வளர்த்தேன். அஞ்சு நான் பெற்றது, ஆறாவது என் ஓரகத்தி பெற்றது. பிள்ளை பெற்றபின் அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. ரெண்டு வருசம் அவன் என் இடுப்பில்தான் கிடந்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எனக்கு எதுக்கு அம்புட்டு வயிறு எரிந்தது என்று விளங்க வேண்டும்.

எங்களுக்கு வாடிப்பட்டிப் பக்கம். ஓரகத்தி என்றால் என் கொழுந்தனைக் கட்டியவள், என்னைவிட நாலு வயது இளையவள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ரெண்டு பேரும் ஒரே தோட்டத்தில் மல்லிகை பறித்தோம். விடிகிற நேரத்துக்குப் பூ மதுரைச் சந்தையில் இருக்க வேண்டும். அதனால் இருட்டிலேயே தோட்டத்தில் இறங்குவோம். நெற்றியில் லைட்டு இல்லாமல் ஒரு மொக்கு எடுக்க முடியாது.

அப்போது இருந்தது பழைய லைட்டு. நெற்றியில் ஒரு வார், அதில் ஒரு குண்டு பல்பு. அதிலிருந்து முதுகு வழியாக வயர் இறங்கி இடுப்பில் கட்டிய டப்பாவுக்குப் போகும். டப்பாவுக்குள் பேட்டரிக்கட்டை. சேலைக்கு மேலே என் வீட்டுக்காரர் பழைய சட்டையைப் போட்டிருப்பேன். செடி சட்டையை இழுத்தால் வயரும் சேர்ந்து பிடுங்கிக்கொள்ளும், லைட்டு அணைந்துபோகும். கட்டை சோர்ந்தால் பகலில் ஓட்டு மேல் வெயிலில் காயவைத்து இன்னும் ரெண்டு நாளைக்கு ஓட்டுவேன்.

அந்த மஞ்ச வெளிச்சத்திலேயே முதல் வரிசை என்னுடையது. முதல் வரிசையில் இறங்குகிறவள்தான் எந்தச் செடியை இன்றைக்கு எடுக்கலாம், எதை நாளைக்கு விடலாம் என்று பார்த்துச் சொல்வாள். மற்ற பொம்பளைகள் அவள் பின்னால்தான் வருவார்கள். பதினோரு வருசம் அந்த இடத்தை நான் யாருக்கும் விட்டதில்லை.

நான் இடுப்பில் தூக்கிய பயல் வளர்ந்து செல்லூரில் ஒரு பட்டறையில் வேலைக்குப் போனான். ஒரு நாள் அவன் அம்மாவுக்குச் சார்ஜ் லைட்டு வாங்கிக்கொண்டு வந்தான். வயர் இல்லை, டப்பா இல்லை. வீட்டுக் கரண்டில் சொருகி வைத்தால் போதும். மறுநாள் அவள் அதை மாட்டிக்கொண்டு வந்தபோது வரப்பெல்லாம் வெள்ளையாகிவிட்டது.

“ஆத்தாடி, பஸ்ஸு வருதுன்னுல்ல ஒதுங்கி நின்னேன்!” என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அவன் என்னிடமும் கேட்டான். “பெரியம்மா, ஒங்களுக்கும் ஒண்ணு வாங்கிட்டு வரவா?”

“எனக்குக் கண்ணு நல்லாத்தாண்டா தெரியுது” என்றேன். அவளுக்குக் கொடுத்த பிறகு கேட்கிறான். கொடுக்கும் முன்னால் நினைப்பு வரவில்லையே.

அடுத்த நாள் பார்த்தால், அவள் லைட்டின் கண்ணாடி மேல் மஞ்சள் துணி ஒன்றைச் சுற்றிக் கட்டியிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. வாசலில் மஞ்சத் துணி எதுக்குக் கட்டுவோம்? கண்ணு படக்கூடாது என்றுதானே. தோட்டத்தில் அவளுக்கு வேறு யார் கண் படும்?

சும்மா இருப்பேனா? எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். “சிலபேரு லைட்டுக்கெல்லாம் திருஷ்டி கழிக்கிறாக. யாரு கண்ணைப் பாத்துப் பயமோ தெரியல.”

“ஐயோ, அது அதுக்கில்லக்கா…” என்று ஆரம்பித்தாள்.

“எனக்கு ஒரு விளக்கமும் வேணாம். ஒன் வரிசையப் பாரு.”

அவளும் பார்த்தாள். வாரம் போகப் போக அவள் மடி என் மடியைவிடச் சீக்கிரம் நிறைந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் மதுரைக்குப் பஸ் ஏறினேன். கடைக்காரரிடம், “இதைவிடப் பெரிசு இருந்தா எடுங்கண்ணே” என்று கேட்டு வாங்கினேன். பகல் பூராவும் சார்ஜில் போட்டேன். துணி ஒன்றும் கட்டவில்லை. யார் கண் வேண்டுமானாலும் படட்டும் என்று மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

அன்றைக்கு நான் பறித்த பறிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கே பெருமைதான். செடியைப் பார்த்தால் ஒவ்வொரு மொக்கும் பால் மாதிரி வெளுத்து நின்றது. கை பறந்தது. பின்னால் வந்தவர்கள் பேச்சுச் சத்தம்கூடக் கேட்காத தூரத்துக்குப் போய்விட்டேன்.

விடிந்தது. தோட்டக்காரர் என் பூவை ஈரச்சாக்கில் கொட்டினார். கையால் பரத்தினார். அப்புறம் ஒரு மொக்கை எடுத்து வானத்துப் பக்கம் பிடித்துப் பார்த்தார்.

“என்னக்கா, பிஞ்சையெல்லாம் உருவிட்டு வந்திருக்கீக? இதெல்லாம் நாளைக்கும் நாளான்னைக்கும் எடுக்க வேண்டியது. இது விரியுமா?”

குனிந்து பார்த்தேன். பாதிக்குப் பாதி பச்சை. அவர் அவள் பக்கம் திரும்பி, “நாளைக்கு முதல் வரிசைல நீங்க எறங்குங்க” என்றார்.

வாய்க்கால் கரையோரம் வீட்டுக்கு நடந்தோம். நான் முன்னால், அவள் பின்னால். கொஞ்ச தூரம் போனதும் அவளே பேசினாள்.

“மொத நாளு எனக்கும் மடில பாதி பச்சைதாங்க்கா. அவரு பாக்குறதுக்குள்ள பொறுக்கி வாய்க்கால்ல போட்டுட்டேன். அந்த வெள்ளை வெளிச்சத்துல பிஞ்சும் வெளுத்துத் தெரியுது. நம்ம கண்ணு மஞ்ச பல்புக்குப் பழகுன கண்ணு. அதான் துணியக் கட்டுனேன்.”

நின்று தன் பழைய மஞ்சச் சேலைத் தலைப்பில் ஒரு கிழி கிழித்து நீட்டினாள். “கட்டிக்கங்க. கண்ணுக்கு இல்லக்கா, மொக்குக்கு.”

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனாலும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் அவள் முதல் வரிசை, நான் ரெண்டாவது. ரெண்டு பேர் நெற்றியிலும் மஞ்சத் துணி. பத்துச் செடி போயிருப்போம். அவள் திரும்பி, “அக்கா, இந்தச் செடிய எடுக்கலாமா, விடவா?” என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாததில்லை. எனக்காகக் கேட்டாள். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது. “எடு, எடு” என்றேன்.

அதுக்குப் பிறகு முதல் வரிசை எனக்குத் திரும்பவில்லை. ரெண்டு பேரும் பறிப்பதை நிறுத்தியே பல வருசம் ஆகிறது. பறிப்பில் அவள் கை என் கையைவிடச் சுத்தம் என்று இதுவரை அவளிடம் நான் சொன்னதில்லை. இங்கேதான் எழுதியிருக்கிறேன்.

அந்தி நேரத்து முதியோர் வகுப்பில் கற்ற எழுத்து, கோணல் மாணலாகத்தான் இருக்கும். தாயி, என் பேத்தியில்ல, நீ இதை முதலிலிருந்து வாசி, கேட்போம். அடுப்படியில் வேண்டாம், இந்த நடுச் சுவரோரமா வந்து உட்காரு. அவள் வீட்டில் டிவியை நிறுத்திவிட்டார்களா? சரி, நல்லாச் சத்தமாவே வாசி. எனக்குக் காது மந்தம் என்று வைத்துக்கொள்.