அய்யனார் கோவில் சாலையில் ஓர் இடது கால்

திருச்சியில் ஒரு கல்லூரியில் உளவியல் பாடம் எடுக்கிறேன். கற்றதை விடுவது பற்றி ஒவ்வொரு துறையும் என்ன சொல்கிறது என்று ஒப்பிடுவதுதான் இப்போது என் ஆய்வு. அதற்காகத்தான் ஐப்பசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் நடந்த இரண்டு நாள் கருத்தரங்குக்குப் போனேன். மடவார் வளாகம் கோவிலுக்குப் பக்கத்தில் தங்கினேன். அறை ஆயிரத்து இருநூறு ரூபாய், சுத்தமாக இருந்தது.

முதல் நாள் காலையிலேயே வாக்குவாதம். நிர்வாகவியல்காரர்களுக்குக் கற்றதை விடுவது என்றால் பழைய நடைமுறையைக் கைவிடுவது. பழைய பழக்கம் அழிவதில்லை, புதியது அதை மூடிக்கொள்கிறது என்பது எங்கள் கட்சி. ராஜபாளையத்திலிருந்து வந்திருந்த புவனா கணினித் துறை. பயிற்சி பெற்ற செயற்கை நுண்ணறிவு மாதிரியிலிருந்து ஒருவருடைய தகவலை மட்டும் தடயமில்லாமல் நீக்குவது அவள் ஆய்வு. “எங்க வேலைல மறந்தா மறந்ததுதான்” என்றாள்.

மதியம் அவள் காரிலேயே அய்யனார் கோவில் அருவிக்குக் கிளம்பினோம். ராஜபாளையம் பன்னிரண்டு கிலோமீட்டர், அங்கிருந்து மேற்கே மலையடிவாரம் ஏறக்குறைய பத்து. கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார். வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறதாம். அருவியில் அளவாகத் தண்ணீர் விழுந்தது. குளித்துவிட்டு வெயில் இறங்குமுன் திரும்பினோம்.

மாந்தோப்புகளுக்கு நடுவே சாலை காலியாகக் கிடந்தது. காலை வாக்குவாதம் காருக்குள் தொடர்ந்தது. ஒரு வேகத்தடை வந்தது. அடுத்த நொடி பெல்ட் என் நெஞ்சை இறுக்க, கார் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் பெரிய சத்தம்.

புவனாதான் முதலில் ஓடினாள். பின்னால் வந்து மோதிய பைக் சாய்ந்து கிடந்தது. ஓட்டி வந்தவர் எழுந்துவிட்டார். அவர் மனைவி மட்டும் மண்ணில் அசையாமல் கிடந்தார். நானும் இறங்கி ஓடினேன். பிறகு அந்த அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

காரிலேயே ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். தோள்பட்டையில் காரை எலும்பு முறிவு. தலையில் அடி இல்லை. கையைக் கழுத்தோடு துணித் தொட்டிலில் கட்டினார்கள்.

“ஆடு கீடு குறுக்க வந்திருக்கும். நான்தான் ரொம்ப ஒட்டி வந்துட்டேன், விடுங்கம்மா” என்றார் கணவர்.

அதை அப்படியே விட்டிருந்தால் பிரச்சினை முடிந்திருக்கும்.

“ஆடு எதுவும் வரலண்ணே” என்றாள் புவனா. “வேகத்தடைக்கு கியர் மாத்தணும்னு இடது கால் தன்னால போயிருச்சு. கிளட்ச்சுன்னு நெனச்சுப் பிரேக்கை முழுசா மிதிச்சிட்டேன். தப்பு என்னோடது.”

கட்டிலில் இருந்த அம்மா கணவரைக் காட்டிச் சொன்னார்: “நல்லவேளை சொன்னீய. இல்லாட்டி இவியளை நான் ஆயுசுக்கும் ஏசிக்கிட்டுல்லா இருப்பேன்.”

புவனா அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் அவள் தன் உரையை மாற்றிக்கொண்டாள். மறந்துவிட்டதா என்று மாதிரியிடம் நிதானமான கேள்விகளையே கேட்டுவந்ததாகவும், திடுக்கிட வைக்கும் சூழலில் சோதித்ததே இல்லை என்றும் சொன்னாள். அரங்கில் யாரும் மறுக்கவில்லை. வென்றுவிட்டேன் என்று எனக்கும் தோன்றவில்லை. நெஞ்சில் பெல்ட் தடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

போகிறவர்களுக்கு: மழை நாளில் அருவிக்கு விடுகிறார்களா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். சோப்பு, பிளாஸ்டிக் வேண்டாம். புதிதாக ஆட்டோமேட்டிக் காருக்கு மாறியவர்கள் இடது காலை நன்றாகப் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். பைக்கில் போகிறவர்கள் முன்னால் போகும் காருக்கு இடைவெளி விடுங்கள். சாலை காலியாக இருந்தாலும்.