பத்து மணி மெசேஜ்

மனச்சோர்வுக்காக மும்பை மாட்டுங்காவில் வைத்தியம் பார்ப்பதை, மனைவியைத் தவிர தாராவியில் யாரிடமும் நான் சொல்லவில்லை. தினமும் காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மெசேஜ் வரும். டாக்டரே எனக்காக உட்கார்ந்து எழுதுகிறார் என்று நம்பி, தவறாமல் நன்றி சொல்லிவந்தேன்.

நான் தோல்பை தைக்கும் பட்டறைக்கு எதிரே யூசுப் பாயின் பட்டறை. சில மாதங்களாக அவர் மத்தியானம்தான் ஷட்டரைத் திறப்பார். சலாம் சொன்னால் பதில் வராது. "பெரிய ஆர்டர் கெடச்சதும் பாய்க்குத் திமிர் ஏறிட்டு" என்று சந்து முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான்தான்.

ஒரு நாள் அதிசயமாகக் காலையிலேயே டீக்கடையில் என் பக்கத்தில் வந்து நின்றார். மணி பத்து. என் போன் ஒலித்தது. அதே நொடியில் அவருடையதும் ஒலித்தது! அவர் மறைப்பதற்குள் பார்த்துவிட்டேன். 'இன்று ஒரு சின்ன வேலையை மட்டும் முடியுங்கள். அது போதும்.' என் போனைப் பார்த்தால், எழுத்துக்கு எழுத்து அதே மெசேஜ்!

"பாய், உங்களுக்குமா?" என்று கத்தியே விட்டேன்.

"சத்தம் போடாதல" என்றவர் என் போனை எட்டிப் பார்த்தார். "அட! டாக்டரு எனக்கு மட்டும்தான் எழுதுதாருன்னுல்லா நெனச்சேன்!"

டீ சிந்தச் சிந்தச் சிரித்தோம். எத்தனை மாதம் கழித்து நான் சிரித்தேன்! அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் உறைத்தது. எழுந்திருக்க முடியாமல் கிடந்தவரைத் திமிர் பிடித்தவர் என்றேனே! எனக்கிருக்கும் நோயையே அவரிடம் நான் அடையாளம் காணவில்லை.

மெசேஜை அனுப்புவது கம்ப்யூட்டர் என்று பிறகு தெரிந்துகொண்டோம். இருக்கட்டும். இப்போதெல்லாம் பத்து மணிக்குப் போன் ஒலித்ததும், முதலில் எதிர் ஷட்டரைத்தான் பார்ப்பேன். மூடியிருந்தால் பாயின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவேன். போன வாரம் என் ஷட்டர் மூடியிருந்தது. அவர் வந்து தட்டினார்.