ஊதினால் அணையாத விளக்கு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். கம்பி இழுத்துப் பிழைப்பவன் நான். தொட்டால் ஷாக் அடிக்கிற பொருளை மட்டும்தான் நம்புவேன். அப்பேர்ப்பட்ட எனக்கே இது நடந்தது.

எங்கள் ஊருக்கு மின்சாரம் வந்த புதிது. பள்ளிக்கூடத்தின் நீள அறையில் ஆறு பல்புகளை மாட்டியவன் நான். அதுவரை அங்கே தொங்கியவை மண்ணெண்ணெய் விளக்குகள். அவற்றைத் தினமும் ஏற்றி அணைத்தவர் என் மாமனார். மாலை வகுப்பு முடிந்ததும் ஒரு முக்காலியை விளக்குக்கு விளக்கு இழுத்துப் போட்டு ஏறி, ஒவ்வொன்றாக ஊதி அணைப்பார். கடைசி விளக்கு அணையாமல் அவர் வீட்டுக்குக் கிளம்பியதே இல்லை. 'மாமனார் வயிற்றில் மருமகனே அடித்துவிட்டான்' என்று ஊரே கேலி பேசியது.

அவர் கோபப்படவில்லை. முதல் பல்பு எரிந்ததும் முக்காலியில் ஏறி ஊதிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, அணைய மாட்டேங்குது?"

"ஊதவே வேண்டாம் மாமா. இனிமே உங்க மூச்சு மிச்சம்."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அடுத்த வாரமே அவர் காய்ச்சலில் படுத்தார். பயமில்லை, தேறிவிடுவார் என்றார் டாக்டர். என் மனைவி அவர் பக்கத்தை விட்டு நகரவில்லை.

அவர் படுத்திருந்தபோதுதான் ஒரு நாள் பல்புகளுக்குச் சோதனை. மாலை ஆறிலிருந்து எட்டு வரை எரிய வேண்டும்.

"நடுவுல ஒரு தடவை அணைஞ்சாலும் எல்லாத்தையும் கழட்டிடுங்க. பழைய விளக்கே போதும்" என்று தலைமையாசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். இழுத்த கம்பி, பட்ட பாடு எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் இருந்தது. கதவோரம், சுவிட்சுக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டுத் தனியாக உட்கார்ந்தேன்.

ஏழு மணி. திரி அணைந்த புகை வாசம் வந்தது. பழைய விளக்குகளைக் கழற்றிக் கொட்டகையில் போட்டு நாளாகிவிட்டது. அப்படியென்றால் இது...?

ஏழு ஐந்து.

கர்ர்ர்...

திரும்பினேன். மூலையில் கிடந்த முக்காலி முதல் பல்புக்குக் கீழே நின்றது. எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். முக்காலியை இழுக்கிற எலி!

ஃபூ...

பல்பின் கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல் ஆவி படர்ந்தது. சுடுகிற கண்ணாடியில் ஆவி தங்காது. தங்கியது.

கர்ர்ர்... இரண்டாவது பல்பு. ஃபூ... ஃபூ...

மூன்றாவது. நான்காவது. ஐந்தாவது.

ஓடினால் சோதனை போச்சு என்று பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆறாவது பல்பு என் தலைக்கு நேர் மேலே.

கர்ர்ர்... முக்காலி என் முழங்காலில் இடித்து நின்றது.

ஃபூ... ஃபூ... ஃபூ...

தலைக்கு மேலே யாருக்கோ மூச்சு இரைத்தது. பிறகு...

ச்ஸ்ஸ்ஸ்.

சுட்ட கல்லில் ஈரம் பட்ட சத்தம்.

"அணைய... மாட்டேங்குதே... மாப்ள..."

பயம்தான். ஆனால் பயத்தைவிட அந்தக் குரல் பாவமாக இருந்தது. சோதனையாவது ஒன்றாவது! சுவிட்சைத் தட்டினேன்.

இருட்டு.

முக்காலி முனகியது. யாரோ இறங்கினார்கள். காலடிச் சத்தம் என்னைத் தாண்டிக் கதவுக்கு வெளியே போனது. பள்ளிக் கடிகாரம் ஏழேகால் அடித்தது.

வீட்டுக்கு ஓடினேன். வாசலில் மனைவி அழுதுகொண்டு நின்றாள்.

"கொஞ்ச நேரமா ஊதிக்கிட்டே இருந்தாரு, சும்மா காத்துல. ஏழேகாலுக்கு நிறுத்திட்டாரு. 'அணைஞ்சிடுச்சு, நான் கிளம்புறேன்'னாரு. அவ்வளவுதாங்க..."

எட்டு மணி வரை எரியவிட்டிருந்தால், அவர் கிளம்பியிருக்கவே மாட்டாரோ?

அவள் என்னை உள்ளே கூட்டிப்போய், விளக்கை எடுத்து வந்து அவர் முகத்தருகே பிடித்தாள்.

"அப்பா படுக்கையை விட்டு எழுந்திரிக்கவே இல்ல. சூடா எதுவும் குடிக்கவும் இல்ல. உதட்டுல இது என்னங்க?"

குனிந்து பார்த்தேன். கீழுதட்டில் ஒரு தீக்கொப்புளம். புதிது.