தம்பி ஏற்ற வழக்கு

மாரிக்கனி நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். கம்பெனி மூடிக் கிடந்த ஒரு மழைக்காலத்தில், வீட்டுக்குள்ளேயே திருட்டுத்தனமாகச் சரவெடி பின்னினாள். போலீஸ் வந்தபோது, "சரக்கு என்னோடதுதான்" என்று முன்னால் போய் நின்றவன் தம்பி வேல்மயில். அக்காவுக்குக் கைப்பிள்ளை இருந்தது. அபராதத்தோடு போய்விடும் என்று அந்தப் பக்கத்தில் ஒருவர் வழக்கை இன்னொருவர் ஏற்றுக்கொள்வது உண்டு. அபராதத்தோடுதான் போனது.

இந்தத் தீபாவளிச் சீசனில், உரிமம் இல்லாத ஷெட்டில் வெடிமருந்து கலந்ததாக வேல்மயில் பிடிபட்டான். கூடப் பிடிபட்டவனுக்கு அபராதம் மட்டும். வேல்மயிலுக்கோ, "ஏற்கெனவே இதே குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்" என்று சொல்லி, நீதிபதி ஒரு வருடம் சிறை போட்டார்.

கோர்ட்டில் உட்கார்ந்திருந்த மாரிக்கனி எழுந்துவிட்டாள். "அய்யா, அந்தப் பழைய கேசு என்னோடதுய்யா!"

"அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், அம்மா. இனி அப்பீலில் சொல்லுங்கள்" என்றார் நீதிபதி.

வேல்மயில் திரும்பிப் பார்த்தான். "உக்காருக்கா. நீயும் உள்ள வந்துட்டா ஆட்டுக்கு யாரு தண்ணி வப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாரிக்கனி சிரிக்கவில்லை. அன்றும் இப்படித்தான் சிரிக்கவைத்துவிட்டுப் போனான்; அவளும் பேசாமல் இருந்துவிட்டாள்.

அவள் உட்காரவில்லை. தம்பியின் வக்கீலிடம் போய் நின்றாள்.

"எங்கன போய்ச் சொல்லணுமோ, கூட்டிட்டுப் போங்க சார். என்னைய உள்ள வச்சாலும் சரிதான்."