பகல் டேட்டாவும் விடிகாலைப் பேச்சும்

எங்கள் வீட்டு இன்டர்நெட் ஒவ்வொரு மாதமும் இருபதாம் திகதியளவில் படுத்துவிடும். முழுதாக நின்றுவிட்டாலாவது நிம்மதி. நிற்காது. கொடுத்த அளவு தீர்ந்ததும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். ஒரு படம் திறப்பதற்குள் சோறு வடித்து இறக்கிவிடலாம். மகளின் பாட வீடியோ பாதியில் நிற்கும். மகன் போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக அலைவான். அடுத்த மாதம் பிறக்கும்வரை வீட்டில் யார் முகத்திலும் சிரிப்பு இருக்காது.

அளவு பார்ப்பது எனக்குப் பழகிய வேலை. கண்டியில் தண்ணீர் பில் கட்டுகிற ஒரு கவுண்டரில் பதினேழு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். "நாங்க இவ்வளவு பாவிக்கவே இல்ல மிஸ்" என்று வருகிறவர்களிடம், "மீட்டர் பொய் சொல்லாது, எங்கயோ பைப் ஒழுகுது, போய்ப் பாருங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்தவள். என் வீட்டிலேயே ஒழுகினால் சும்மா விடுவேனா? வேலை முடிந்து வரும்போது, கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில் பஸ் நிற்கிற நேரத்தில் போனைத் திறந்து பார்ப்பேன். இன்று எவ்வளவு போயிருக்கிறது, மிச்சம் எவ்வளவு, இன்னும் எத்தனை நாள். வீட்டுப் படி ஏறும்போதே கேள்வி கேட்டுக்கொண்டுதான் ஏறுவேன்.

முதலில் மகனைப் பிடித்தேன். "நான் இல்லம்மா" என்றான். "ஆடு திருடின கள்ளன் மாதிரி முழிக்காத" என்று சொல்லி, இரண்டு மாதம் பின்னேரங்களில் அவன் போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அப்படியும் இருபதாம் திகதி டேட்டா தீர்ந்தது. பிறகு கூட வேலை செய்கிற ஒருத்தி, ரவுட்டருக்குள் போய் எந்தப் போன் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கும் வழியைச் சொல்லித் தந்தாள். பார்த்தேன். பாதிக்கு மேல் இழுத்தது என் நாத்தனாரின் போன். ஒவ்வொரு நாளும் பின்னேரம் நாலு மணியிலிருந்து ஐந்தரைவரை வீடியோ கோல். மகனிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, இரண்டு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

நாத்தனார் என்றால் என் கணவரின் தங்கை. அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. மாமனாரும் மாமியாரும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில், ஆறு வயதிலேயே அவளைக் காது கேளாத பிள்ளைகளின் பாடசாலை ஒன்றில் சேர்த்து விடுதியில் விட்டிருந்தார்கள். அங்கே படிப்பு சிங்களத்தில். அதனால் தமிழ் வீட்டில் பிறந்தவள் சிங்களத்தில் எழுதுவாள், சிங்களத்தில் வாசிப்பாள். தமிழில் தன் பெயரை மட்டும் எழுதுவாள். பெற்றவர்கள் இருவரும் போன பிறகு பத்து வருடமாக எங்களோடு இருந்தாள். முன்னறையில் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் சாரி ஜாக்கெட்டும் பள்ளிக்கூடச் சட்டையும் தைப்பாள். என் பிள்ளைகள் போடும் உடுப்பில் அவள் கை படாத உடுப்பு இல்லை.

அவளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. மட்டக்களப்பில் ஒரு பேக்கரியில் வேலை செய்பவர், அவருக்கும் காது கேட்காது. கொழும்பில் காது கேளாதவர்களுக்காக நடந்த ஒரு விளையாட்டுப் போட்டியில் இருவரும் சந்தித்திருக்கிறார்கள். அவருடைய அண்ணியே எங்களோடு பேசினார். "ரெண்டு பேரும் கொஞ்ச நாள் கதைச்சுப் பழகட்டும். மனசு ஒத்துப்போனா நாங்க வந்து முறையாக் கேக்கிறம்" என்றார். நாங்களும் சரி என்றோம். நல்ல இடம், தங்கமான மனுஷர்கள். இது தட்டிப்போனால் அவளுக்கு இன்னொன்று வரும் என்று சொல்ல எங்களுக்குத் தைரியமில்லை.

இதெல்லாம் தெரிந்தும், ரவுட்டர் காட்டிய அளவைப் பார்த்ததும் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. பழகச் சொன்னால் இப்படியா, ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரமா? குசினியில் நின்று, அவள் தன் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே, "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். பக்கத்தில் நின்ற என் கணவர் போகவில்லை.

"அவளுக்குக் கேக்காது. எனக்குக் கேக்குதுல்ல" என்றார்.

அவர் எதற்கும் குரல் உயர்த்துகிறவர் இல்லை. அன்றும் உயர்த்தவில்லை. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் வீம்பு யாரை விட்டது? மறுநாள் காலை ஒரு துண்டில் சிங்களத்தில் எழுதி அவள் கையில் கொடுத்தேன். "டேட்டா எல்லாருக்கும் வேணும். வீடியோ வேண்டாம். எழுதி அனுப்பு." அவள் வாசித்தாள். தலையை ஆட்டினாள். துண்டை மடித்து ஊசி டப்பாவுக்குள் வைத்துவிட்டு மெஷினில் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு குறையும் இல்லை. மகளின் வீடியோ ஓடியது, மகன் விளையாடினான், இருபத்தாறாம் திகதியும் டேட்டா மிச்சம் இருந்தது. பார்த்தீர்களா என்று நான் பெருமையடித்துக்கொண்டேன். அவள் மெஷினைவிட்டு எழுந்திருக்காமல் தைத்துக்கொண்டே இருந்ததைப் பார்க்கத்தான் செய்தேன். தீபாவளித் தையல் அதிகம் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் மட்டக்களப்பிலிருந்து அந்த அண்ணி அழைத்தார்.

"அக்கா, குறை நினைக்காதீங்க. உங்கட பிள்ளைக்குத் தம்பியப் பிடிக்கல்லையா? பிடிக்கல்லயெண்டா நேர சொல்லிருங்க. இவ்வளவு நாளா கோலும் இல்ல, இப்ப அவன் நாலு நாளா பேக்கரிக்கும் போகாமக் கிடக்கான்."

"ஐயோ, அப்படி ஒண்ணும் இல்லீங்க. டேட்டா முடியுதுன்னு நான்தான் எழுதி அனுப்பச் சொன்னேன்."

"சிங்களத்துல எழுதினா இவனுக்கு எப்பிடி விளங்கும் அக்கா? இவன் படிச்சது தமிழ். போன்ல தமிழாக்கிப் பார்த்தா தலையும் இல்ல, வாலும் இல்ல. முதல் நாள் வந்ததைக் கொண்டுபோய் சந்தியில ஒரு கடைக்காரரிட்டக் காட்டினவன். அந்த மனுசன் கடையில நிண்ட எல்லாருக்கும் கேக்க வாசிச்சிட்டார். மறுகா வெக்கத்துல இவன் போனைத் தொடவே இல்ல."

சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்தேன். அவள் எழுதுவது அவருக்குத் தெரியாது, அவர் எழுதுவது அவளுக்குத் தெரியாது. இருவருக்கும் நடுவில் இருந்த ஒரே பாஷை கை. கை தெரிய வேண்டுமென்றால் முகம் பார்க்க வேண்டும், வீடியோ வேண்டும். நமக்கெல்லாம் வீடியோ ஒரு சொகுசு. அவளுக்கு அதுதான் வாய். அந்த வாயைப் பொத்திவிட்டு நான் மிச்ச டேட்டாவைக் காட்டிப் பெருமையடித்திருக்கிறேன்.

அந்த அண்ணிக்கு நான் இன்றைக்கும் நன்றிக்கடன் பட்டவள். வேறொரு வீடாக இருந்தால் ரோசப்பட்டு அடுத்த இடம் பார்த்திருப்பார்கள், நமக்குக் காரணமே தெரிந்திருக்காது. அவர் கூச்சத்தை விட்டுப் போன் எடுத்தார். எத்தனையோ பேர் அந்த ஒரு கோலை எடுக்காமல்தான் நல்ல உறவுகளை இழக்கிறார்கள்.

அன்று அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்தேன். மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துணி வெட்ட வைத்திருந்த பழைய பேப்பர் ஓரத்தில் சிங்களத்தில் எழுதினேன். "எழுதினால் அவருக்குத் தெரியாது என்று ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

அவள் வாசித்தாள். பிறகு என் கையிலிருந்த பேனையை வாங்கி எழுதினாள். "டேட்டா எல்லாருக்கும் உரியது. நான்தான் அளவுக்கு மேலே பேசிவிட்டேன் என்று நினைத்தேன்."

பத்து வருடமாக அந்த வீட்டில் அவளோடு ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல் பேசிய ஆள் கிடையாது. அப்படிப்பட்டவள், தான் அளவுக்கு மேலே பேசிவிட்டதாக நினைத்திருக்கிறாள். நான் அழுதேன். அவள் தைத்துக்கொண்டிருந்த யாரோ ஒருவரின் ஜாக்கெட் துணியாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டாள். உடனே அவள் போனை எடுத்து நானே அவருக்கு வீடியோ கோல் போட்டு அவள் கையில் கொடுத்தேன். அவர் முகம் திரையில் வந்தபோது அதில் நாலு நாள் தாடி இருந்தது.

அன்று அவர்கள் பேசி முடிக்கும்வரை நான் குசினியில் உட்கார்ந்து யோசித்தேன். பகல் டேட்டா ஐந்து பேருக்குப் போதாது, அது நிஜம். அளவு பார்க்கிற ஆப்பில் இரண்டு கோடுகள் உண்டு. ஒன்று பகலுக்கு; அதைத்தான் நான் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்ப்பேன். மற்றது நடுச்சாமத்திலிருந்து காலை ஏழு மணிவரை பாவிக்க. அது பகலைவிடப் பெரிது, மாதாமாதம் அப்படியே கிடந்து வீணாகப் போகும். எங்கள் வீட்டில் எல்லோரும் கோழி மாதிரி நேரத்தோடு அடைகிறவர்கள். அவருக்கோ பேக்கரி வேலை. விடிகாலை ஐந்து மணிக்குத்தான் முடியும். இத்தனை நாளாக அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். புத்தி மட்டும் வேலை செய்யவில்லை.

அடுத்த நாளிலிருந்து அவர்களுடைய பேச்சு காலை ஐந்தரைக்கு மாறியது. கைக்கு நல்ல வெளிச்சம் வேண்டும் என்பதால் குசினி லைட்டுக்கு நேர் கீழே மேசையை இழுத்துப் போட்டோம். சீனி டின்னில் போனைச் சாய்த்து வைப்பாள். நான் பக்கத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருப்பேன். வெளியே பனி மூடிக் கிடக்கும். அவர் அப்போதுதான் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு வந்து உட்காருவார்.

கையால் பேசுவது சத்தமில்லாத காரியம் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. உள்ளங்கையில் அறைவாள், மேசையைத் தட்டுவாள், மூக்கால் சீறுவாள், சிரிப்பு வந்தால் காலால் தரையை உதைப்பாள். சில சைகைகள் அவருக்கு ஒரு மாதிரி, அவளுக்கு ஒரு மாதிரி. அதற்கு ஒரு சண்டை நடக்கும். அடிக்கடி அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கட்டைவிரலால் உள்ளங்கையை மேலும் கீழும் தேய்த்துக் காட்டுவாள், அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். ஒரு நாள் அது என்ன என்று கேட்டேன். என்னைக் கை காட்டினாள். போனைத் தேய்த்துத் தேய்த்து டேட்டா பார்க்கிறவள், அதுதான் நான். எனக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

அப்படி இரண்டு மாதம் போனது. ஒரு வீட்டில் இன்னொருவரின் சந்தோஷத்துக்குப் பக்கத்தில் நின்று தேங்காய் துருவுவதற்கும் கொடுப்பினை வேண்டும். எனக்கு அது அறுபது காலை கிடைத்தது.

பிறகு அந்த அண்ணி மறுபடி அழைத்தார். "எங்களுக்கு முழுச் சம்மதம். ஆனா தம்பி உங்களிட்ட நேர கேக்கணுமாம் அக்கா. நாங்க கேட்டா அது அவன் கேட்டதாகாதாம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. நாத்தனார் என் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்துவிட்டு என்னைக் கதிரையில் உட்கார்த்தினாள். என் கணவர் பின்னால் வந்து நின்றார். திரையில் அவர் தலை சீவி, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அவளைக் காட்டினார். தன் நெஞ்சைத் தொட்டார். பிறகு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அதை விளங்கிக்கொள்ள எனக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை.

பதில் சொல்லத்தான் தெரியவில்லை. பத்து வருடத்தில் அவளோடு பேச நான் கற்றுக்கொண்ட சைகைகள் எவை என்று யோசித்தேன். வா, போ, கழுவு, பூட்டு, வேண்டாம், சாப்பிடு. எல்லாம் ஏவுகிற சொற்கள். எங்கள் வீட்டுப் பெண்ணைச் சந்தோஷமாகத் தருகிறோம் என்று சொல்ல இதில் எதை எடுப்பது?

"தலைய ஆட்டு, போதும்" என்றார் கணவர்.

ஆட்ட மனம் வரவில்லை. அந்த மனுஷர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கேட்கிறார். பஸ் கண்டக்டருக்கு ஆட்டுகிற மாதிரி அவருக்குத் தலையை ஆட்டுவதா?

கையைத் தூக்கி, வா என்றேன். விரல்களைக் கூட்டி வாயருகே கொண்டுபோய், சாப்பிடு என்றேன். எங்கள் ஆட்களிடம் சம்மதத்துக்கு அதைவிடப் பெரிய சொல் இல்லை. ஆனால் அவர் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். என் கையை முன்னே நீட்டி, உள்ளங்கையை மேலே திருப்பி, மெதுவாக என் நெஞ்சுவரை இழுத்தாள். விரல்களைக் கூட்டி, அவசரமில்லாமல் வாயருகே கொண்டுபோனாள். வேண்டியவர்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும் போலிருக்கிறது. நான் செய்தது, முற்றத்திலிருந்து அவளை வேலைக்குக் கூப்பிடுகிற அதே வெடுக்கென்ற கையசைப்பு. இத்தனை வருடமாக என் கை அவளை அதட்டிக்கொண்டே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை.

அவள் பிடியில்லாமல், மெதுவாக, மறுபடி சொன்னேன். அவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

அவர்கள் பேசி முடித்ததும் அவள் போனைத் துடைத்து வைத்துவிட்டு, வழக்கம்போல் முன்னறைக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடத் தட்டை எடுக்கப் போனாள். நான் அவள் முன்னால் போய் நின்று, கையை நீட்டி, உள்ளங்கையை மேலே திருப்பி, வா, சாப்பிடு என்றேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து மேசையில் உட்கார்ந்தாள். நான் பரிமாறினேன்.