பாலத்துக்குக் கீழே நின்று பார்த்த முதல் ரயில்

பழைய காசுக்கு மதிப்புக் குறைந்து, பினாங்கில் கடையெல்லாம் அடைத்து, கலவரமாகி ஊரடங்கு போட்டார்களே... அந்த வருஷம். எண் கேட்டால் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். நான் சொல்லச் சொல்ல மகள்தான் போனில் தட்டுகிறாள்.

ஆனால் வாசனையைச் சொல்லுவேன். தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற சிலிப்பர் கட்டைக்குப் பூசுகிற கறுப்பு எண்ணெய் வெயிலில் உருகி... கையில், சட்டையில், சாப்பிடுகிற சோற்றில்கூட அதே நாற்றம்.

அதுவரைக்கும் ரயில் பிறை ஊரோடு நின்றுவிடும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த். நடுவில் பாலம் போட்டார்கள். அதன்மேல் தண்டவாளம் பதித்த கூட்டத்தில் நானும் ஒருத்தன். எங்கள் மண்டோர், அதாவது கங்காணி, முனியாண்டி அண்ணன். எனக்குப் பக்கத்தில் சம்மட்டி பிடித்தவர் வீராசாமி அண்ணன்.

வீராசாமி அண்ணன் தன் மனைவி பாக்கியம் அக்காவிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். முதல் ரயில் பாலத்தைத் தாண்டும்போது கூட்டிப்போய்க் காட்டுவதாக. வேலை முடிந்தது. அவரும் முடிந்தார். மஞ்சள் காமாலை... பத்தே நாள்.

ரயில் ஓடப்போகிற அன்று காலையில் அக்கா வெள்ளைச் சேலையோடு எங்கள் வரிசை வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மண்டோர் அண்ணே, நான் பாத்தே ஆகணும்."

பக்கத்து வீட்டுக்காரி வாயை வைத்தாள். "தாலி அறுத்தவ நல்ல காரியத்துல போயி நிக்கிறதா?"

"பாலத்துல கட்டை போட்டவன் பொண்டாட்டி நிக்காம, நீயா நிப்ப? போ, போயி அடுப்பப் பாரு!" என்றார் மண்டோர்.

மூன்று பேரும் போனோம். பாலத்துக்கு முன்னால் ஒரு பலகை. அதைத் தாண்டி நடந்தோம். ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா, அதாவது கிராணி, ஓடிவந்து மறித்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் கால்சட்டை.

"வாசிக்கத் தெரியாதே? வெளியாக்கள் உள்ள வரக்கூடாது எண்டு கொட்டை எழுத்தில போட்டிருக்கு!"

"வாசிக்கத் தெரிஞ்சா நாங்க ஏன் ஐயா சம்மட்டி புடிக்கிறோம்?" என்றேன்.

கிராணிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். வழி விடவில்லை. துரைமார் வருகிற நேரம், எங்களை விட்டால் அவருக்கும் வேலை போய்விடும்.

அக்கா அழவில்லை, கெஞ்சவும் இல்லை. "இந்தப் பாலத்துல எத்தனை கட்டைன்னு ஒங்களுக்குத் தெரியுமா ஐயா? எனக்குத் தெரியும். தெனமும் வந்து சொல்லுவாரு" என்றார்.

கிராணி அக்காவின் வெள்ளைச் சேலையைப் பார்த்தார். பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "பலகை இந்தப் பக்கந்தான் நட்டிருக்கு. ஆத்துக்குள்ள ஒண்டும் நடேல்லை."

மண்டோர் ஒரே ஓட்டம்! கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவரிடம் பாதி மலாய், பாதி கைஜாடை. "போலே லா" என்று தலையாட்டி, சம்பான் படகை அவிழ்த்துவிட்டார்.

பாலத்துக்கு நேர் கீழே, படகிலேயே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முதலில் தூண் அதிர்ந்தது. அப்புறம் என் கை... அப்புறம் படகு. தலைக்கு மேலே இஞ்சினின் வயிறு, சக்கரம், நெருப்புப்பொறி. கரையில் இருந்தவர்கள் எல்லாம் ரயிலின் முகத்தைப் பார்த்தார்கள். அடியைப் பார்த்தது நாங்கள்தான்.

மேலிருந்து மண்ணும் துருவும் கொட்டின. அக்கா தலையெல்லாம் செம்பழுப்பு. நான் தட்டிவிடப் போனேன்.

"தட்டாதே தம்பி. அவரு மிதிச்ச மண்ணு."

கடைசிப் பெட்டி போகும்வரை அண்ணாந்தே இருந்தார்.

இப்போது சுங்கை பினாங்கில், என் ஃப்ளாட்டுக்குப் பக்கத்திலேயே மேம்பால ரயில் வரப்போகிறது. தகரம் அடித்து மறைத்து வேலை செய்கிறார்கள். அன்று நாலு பேர் சேர்ந்து தூக்கியதை இன்று ஒரே கிரேன் தூக்கிவிடுகிறது. ஓட இன்னும் சில வருஷம் ஆகுமாம். "ஏர்கான்ல ஒக்காந்து போகலாம்ப்பா" என்கிறாள் மகள். போகலாம். ஆனால் முதல் ரயிலை நான் கீழே நின்றுதான் பார்ப்பேன். அதுவரை இருப்பேன். மருந்தை வேளை தவறாமல் விழுங்குகிறேன்... தினம் ரெண்டு சுற்று நடக்கிறேன்.

மண்டோர் இல்லை. கிராணி இல்லை. சம்பான்காரர் இல்லை. போன வாரம் பாலிக் புலா ஊருக்குப் போன் போட்டேன். "நீ மொதல்ல உசிரோட இரு லா தம்பி, நான் வந்துர்றேன்" என்று சிரிக்கிறார்...

பாக்கியம் அக்கா.