மூன்று ஊர்ப் போலீசும் ஒரு தனிப்படையும்

போலீஸ் உத்தியோகத்தில் திருடனைப் பிடித்துவிடலாம். பக்கத்து ஸ்டேஷன்காரனோடு ஒத்துப்போவதுதான் பெரும்பாடு. காக்கி மாட்டியவர்களுக்கும், எங்கள் பெஞ்சில் காத்துக் கிடந்து முதுகு நொந்தவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

யாருடைய கேஸ்?

அப்போது நான் ராயபுரத்தில் கான்ஸ்டபிள். துறைமுகத்துச் சரக்குக் கிடங்குகளில் ஜவுளி மூட்டைகளைக் கொள்ளையடித்துவந்த ஒரு கும்பல், கடைசியில் ஒரு காவல்காரரைக் குத்திக் கொன்றுவிட்டது. கிடங்கு இருந்தது பட்டணத்தில். பிணம் கிடந்தது திருவொற்றியூர் தாண்டி, செங்கல்பட்டு ஜில்லாவில். மூட்டைகள் போனதோ நெல்லூர்ப் பக்கம். நெல்லூர் அன்றைக்கு நம் மாகாணம்தான். மூன்று இடத்துப் போலீசையும் சேர்த்து ஒரு தனிப்படை அமைத்தார்கள். வேலூரிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் ராகவன் அதற்குத் தலைவர்.

முதல் கூட்டத்திலேயே இது உன் எல்லை, என் எல்லை என்று நாங்கள் மல்லுக்கு நின்றோம். அந்த நேரம் பார்த்து, இறந்தவரின் மனைவி அந்தோணியம்மா வாசலில் வந்து நின்றார். ராகவன் எழுந்து தன் நாற்காலியில் அவரை உட்காரவைத்துவிட்டு, தான் நின்றுகொண்டே கடைசிவரை கேட்டார். எங்கள் சத்தம் தானாக அடங்கியது. போகும்போது அந்த அம்மா சொன்னார்: "எல்லா டேசன்லயும் எந்த எடம்னுதான் கேட்டாங்க நைனா. இன்னா நடந்துச்சுன்னு நீதான் கேட்டே."

எண்ணூரில் மாறுவேஷம்

மூட்டைகள் எண்ணூர்க் கழிமுகத்தில் படகேறுவதாகத் துப்புக் கிடைத்தது. என்னை லுங்கி கட்டி மீன் வாங்குகிறவனாக அனுப்பினார்கள். நானும் வாயில் பீடியோடு ஒரு மீன்காரம்மாவிடம் விலை பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கமாக ராகவன் வேட்டியில் வந்தார். அவரைப் பார்த்ததும் என் கால்கள் தாமாகச் சேர்ந்துகொண்டன. கை நெற்றிக்குப் போய்விட்டது.

காரியம் கெட்டது என்று நினைத்தேன். ராகவன் கோபப்படவில்லை. மீன்காரம்மாவிடம் நேராகவே நாங்கள் யார், எதற்காக வந்தோம் என்று சொன்னார். அந்தோணியம்மாவின் கதையைக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. கும்பலின் தலைவன் தாஸ், மாத்தூர்ப் பனந்தோப்பில் இருக்கிறான் என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்: "வேசம் ஷோக்காத்தான் கீது. ஆனா சங்கரா மீன் வாங்க வர்றவன் எவன்யா சல்யூட் அடிப்பான்?"

பனந்தோப்பு

மறுநாள் பட்டப்பகலில் தோப்பை வளைத்தோம். தாஸ் கத்தியோடு பாய்ந்தது என் மேல்தான். நெல்லூர் ஏட்டு வெங்கையா குறுக்கே விழுந்து அவனைக் கட்டிக்கொண்டார். முன்னங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. மனிதர் பிடியை விடவில்லை. கூட்டத்தில் எல்லை எல்லை என்று அவரோடு அதிகம் சண்டை போட்டவனும் நான்தான்.

எங்கள் லத்திகள் உயர்ந்தன. ராகவன் நடுவில் வந்து நின்று, இவன் முழுசாகக் கோர்ட்டுக்குப் போக வேண்டியவன் என்றார். வெங்கையாவின் கைக்குக் கட்டுப்போட்டுவிட்டு, தாஸுக்கும் ஒரு குவளை தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அன்று மாலைக்குள் மூட்டைகள் இருந்த இடத்தையும் கூட்டாளிகளையும் தாஸே காட்டிவிட்டான். ஏன் சொன்னாய் என்று வண்டியில் கேட்டேன். எங்கள் வாடிக்கைக்காரரான தாஸ் சொன்னார்: "அடிச்சிருந்தா வாயத் தொறந்திருக்க மாட்டேன். தண்ணி குட்த்தாரு பாரு, அங்கதான் பேஜாராப் பூட்ச்சு."

தீர்ப்பு நாள்

தாஸுக்கு ஆயுள் தண்டனை. கோர்ட் வராந்தாவில் அந்தோணியம்மா அழவில்லை. வெங்கையாவின் கைத் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அவுரு திரும்பி வரப்போறதில்ல. ஆனா அவுரு செத்தது உங்க அத்தினி பேருக்கும் ஒரு விசயமா இருந்துச்சே நைனா."

தனிப்படையைக் கலைத்த மறுநாளே விளக்கில்லாத சைக்கிள்களைப் பிடிக்க என்னைப் பழையபடி தெருவில் நிறுத்திவிட்டார்கள் என்றாலும், அந்தச் சில மாதங்கள் நான் நிஜப் போலீசாக இருந்ததை மட்டும் எந்த மேலதிகாரியாலும் பறிமுதல் செய்ய முடியவில்லை.